பேய் வீட்டின் கடைசி அறை

அந்த ஞாயிற்றுக்கிழமை பேய் வீட்டைச் சுற்றிவிட்டு வெளியே வந்த வண்டியில் ஒரு சின்னப் பையன் தூங்கிப்போயிருந்தான். பயத்தில் மயங்கிவிட்டான் என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை; வாயைப் பிளந்துகொண்டு நிம்மதியாகக் குறட்டை விட்டான். அவனுடைய அப்பா, "உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்குங்க" என்று மனதாரப் பாராட்டிவிட்டு, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாசலில் நின்ற பேய்மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

பேய்மாஸ்டர் என்பது அந்தப் பூங்காவில் எல்லாரும் அவருக்கு வைத்த பெயர். ராட்டினம், மோதுகார், தண்ணீர்ச் சறுக்கு என்று எல்லாம் அளவாக உள்ள பூங்கா. அதன் மூலையில் ஜன்னலே இல்லாமல் நிற்கும் கறுப்புக் கட்டடம்தான் பேய் வீடு. இருவர் உட்காரும் சின்ன வண்டி தண்டவாளத்தில் இருட்டுக்குள் நுழைந்து, அறை அறையாகச் சுற்றி, வெளிச்சத்துக்கு வரும். உள்ளே இருக்கும் முகங்கள் எல்லாம் மாஸ்டர் தன் கையால் செய்தவை: காகிதக்கூழ், சாந்து அச்சு, ரப்பர்ப்பால், சாயம். ஒரு காலத்தில் தன் தலையைத் தானே கையில் ஏந்தி நிற்கும் மணப்பெண்ணைக் கண்டு, மீசை முறுக்கிக்கொண்டு வந்தவர்களே வண்டியிலிருந்து குதித்து ஓடியிருக்கிறார்கள். இப்போது அவள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் யாரோ அந்தத் தலைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷி. அதனாலேயே அவர் கூப்பிட்டால் எல்லாரும் பயந்துகொண்டே போவார்கள்.

"மாஸ்டர், பேய் வீட்ட இடிச்சிட்டு அங்க பனி விளையாட்டுக் கூடம் போடலாம்னு ஒருத்தர் வந்து பேசிட்டுப் போயிருக்கார். எனக்கு மனசு வரல. விடுமுறை ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரே ஒரு அறை புதுசா செய்யுங்க. நான் அதுல உக்காந்து பாக்கறேன். பயந்துட்டேன்னா வீடு நிக்கும்."

"பயப்படலன்னா?"

"ராட்டினத்துக்கு எண்ணெய் போட ஒரு ஆள் வேணும்னு சொல்லிட்டிருந்தாங்க" என்றார் முதலாளியம்மா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

மாஸ்டர் உண்மையிலேயே பயந்துபோனார். ஐம்பதை எட்டப்போகிற வயதில், மனிதர்களை அலறவைப்பது தவிர வேறொன்றும் தெரியாது அவருக்கு. பட்டறைக்குப் போய்ப் பழைய அச்சுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைகீழாக நின்றும் ஒன்றும் தோன்றவில்லை. கொம்பு வைத்துப் பார்த்தார். நாக்கை நீட்டிவிட்டுப் பார்த்தார். எது செய்தாலும் அந்தப் பையனின் குறட்டைதான் காதில் கேட்டது.

வண்டியை ஓட்டும் விசைகளுக்குப் பொறுப்பான வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், தப்பா நெனக்காதீங்க. நீங்க கடைசியா எப்ப புதுசா ஒண்ணப் பாத்தீங்க? காலைல வீடு, பகல் பூரா பேய், சாயங்காலம் மறுபடி வீடு. நூலகத்துக்குப் பின்னாடி ஓவியக் காட்சிசாலை இருக்குல்ல, என் மச்சினி கேக்கு மேல பூப் போடறதுக்கே அங்க போய்த்தான் யோசிச்சிட்டு வர்றா. கண்ணுக்கும் கொஞ்சம் தீனி போடுங்க."

மாஸ்டர் கையிலிருந்த சாயக் கிண்ணத்தைச் சுவரில் வீசி அடித்தார். தன் தொழிலில் தனக்கே புத்தி சொல்ல வந்துவிட்டானா என்று ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தார். பிறகு, வந்த வேகத்திலேயே எல்லாம் வடிந்து, "டீ சாப்பிடுறியா?" என்றார். அவருக்கு முன்கோபம் உண்டு. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். யார் மேலும் கை நீட்டியது கிடையாது. இதெல்லாம் அவரே தன்னைப் பற்றி அடிக்கடி சொல்வது. கிண்ணம் பறந்துபோன பிறகு எதிரில் நிற்பவர்கள் மனதில் என்ன வைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு எழுந்ததில்லை. வண்டிக்காரர் முகத்தில் தெறித்த பச்சையைத் துடைத்துக்கொண்டு டீ குடித்தார்.

புத்தி சொன்னவன் மேல் எவ்வளவு கோபமிருந்தாலும், சொன்ன புத்தியை மாஸ்டர் எடுத்துக்கொண்டார். மறுநாளே காட்சிசாலைக்குப் போனார்.

முன்பு வங்கியாக இருந்த கட்டடமாம். கீழ்த்தள ஜன்னல்களில் இன்னும் கனத்த கம்பிகள் இருந்தன. மரத்தளம் நடக்க நடக்க முனகியது. முட்டிவலிக்காரியான ஒரு காவல்காரம்மா நாற்காலியை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். வேறு ஆளில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு படம் பார்ப்பதற்கென்று மாஸ்டர் எங்கேயும் போனதில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

கீழே போர்க்களங்கள் இருந்தன. வெட்டுப்பட்ட வீரர்கள், பழத்தட்டுக்கு நடுவில் மண்டையோடு, சிறகு முளைத்த அரக்கர்கள், புயலில் கவிழும் கப்பல். மாஸ்டர் ஒவ்வொன்றையும் தொழில்காரரின் கண்ணோடு பார்த்தார். காய்ந்த ரத்தம் இவ்வளவு சிவப்பாக இருக்காது என்று ஓவியரை மனதுக்குள் கண்டித்தார். ஆனால் கப்பலைச் சுற்றியிருந்த தண்ணீரின் பச்சையை விட்டு நகர முடியவில்லை. கிட்டப் போனால் அதில் பச்சையே இல்லை. மஞ்சளும் கறுப்பும் ஏதோ ஒரு பழுப்பும்தான். தள்ளி நின்றால் குளிர்ந்த பச்சை. வெகுநாள் பட்டினி கிடந்தவன் முதல் கவளத்தை விழுங்கியதுபோல உள்ளே ஏதோ இறங்கியது. பயம் மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது, தெருவிலேயே மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சாவியைப் பூட்டில் நுழைத்தார், சத்தம் நின்றது. உள்ளே மேஜை துடைத்திருந்தது, தட்டு மூடி வைத்திருந்தது, மகள் பாடப்புத்தகத்தைத் திறந்துவைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று மாஸ்டருக்கு எப்போதும் ஒரு பெருமை. அக்கம்பக்கத்து வீடுகளில் ஒரே கூச்சல்.

சாப்பிட்டுக்கொண்டே மனைவியைக் கேட்டார். "ஏம்மா, நீ எதுக்கு ரொம்பப் பயப்படுவ? தொழிலுக்குத்தான் கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு."

மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அம்மாவின் கை மெல்ல அவள் தலைமேல் வந்து அமர்ந்தது.

"பல்லிங்க" என்றார் மனைவி.

"பல்லியா? பல்லிய வச்சு நான் என்ன பண்றது" என்று மாஸ்டர் அலுத்துக்கொண்டார்.

இரண்டாவது முறை போனபோது மாடிக்கு ஏறினார். மாடியில் ஒதுக்கமான ஒரு சின்ன அறை. அங்கே காப்பித்தட்டு அளவுக்கு ஒரே ஒரு படம். கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'மாலை' என்று எழுதியிருந்தது. வரைந்தவர் பெயர் தெரியவில்லையாம்.

படத்தில் ஒரு சாதாரண வீட்டின் சாதாரண அறை. மேஜை, மேலே விளக்கு, மூடிவைத்த ஒரு தட்டு. மேஜையோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் ஒரு குழந்தை, கையில் ஒரு மரக்குதிரை. பின்சுவரில் ஒரு கதவு மூடியிருந்தது. கதவுக்கு அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு. அந்தக் கோட்டை இரண்டு இடத்தில் இருட்டு மறித்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள். பெண் கதவைப் பார்க்கவில்லை. மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் உடம்பு முழுவதும் காதாக இருந்தது.

மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதலில் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. ரத்தம் இல்லை, பல் இல்லை, ஒரு எலும்பு கிடையாது. எதற்கு இந்த நடுக்கம்? கிட்டப் போய்ப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கீழுதடு லேசாக உள்ளே மடிந்திருந்தது. குழந்தை மரக்குதிரையை இரண்டு கையாலும் பிடித்திருந்தது, தரையில் வைத்தால் சத்தம் வரும் என்பதுபோல. தெருவில் தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதும் திருடன் திடுக்கிடுவானே, அப்படித் திடுக்கிட்டார். அங்கே நிற்க முடியவில்லை. படியிறங்கி, தெருவைக் கடந்து, நூலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: தேடி வந்தது கிடைத்துவிட்டது. பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்தது.

அதன்பின் தினமும் போனார். பட்டறை வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போய் அந்தச் சின்ன அறையில் நின்றார். கதவுக்குப் பின்னால் இருப்பது எது என்பதுதான் அவரைக் குடைந்தது. செத்துப்போனவனா? மிருகமா? என்னவாக இருந்தாலும் இப்படி ஒரு முகத்தை வரவழைக்க வேண்டுமானால் அது சாமானியப் பேயாக இருக்க முடியாது.

"இந்தப் படத்துல அந்தப் பக்கம் நிக்கறது என்னன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று காவல்காரம்மாவைக் கேட்டார்.

"யாரும் என்கிட்ட அதக் கேட்டதில்ல சார்" என்றார் அந்த அம்மா, முட்டியைத் தடவிக்கொண்டே. "பாத்துட்டு சில பொம்பளைங்க ரொம்ப நேரம் நிப்பாங்க. கண்ணத் தொடைச்சிட்டுப் போவாங்க. அவ்வளவுதான்."

மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனதில் அறை எழும்பிவிட்டது. பேயைக் காட்டவே கூடாது. வண்டி கடைசி அறைக்கு வந்து நிற்க வேண்டும். விளக்கு, மேஜை, பெண், குழந்தை, கதவு. அந்தப் பக்கமிருந்து காலடிச் சத்தம் வர வேண்டும். சாவி குலுங்க வேண்டும். கைப்பிடி மெல்லத் திரும்ப வேண்டும். கதவு திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் விளக்கு அணைந்து, வண்டி நகர்ந்துவிட வேண்டும்.

மேஜையும் கதவும் சுலபமாக அமைந்தன. குழந்தையும் ஒரே அச்சில் வந்துவிட்டது. முகம்தான் அவரைப் படாத பாடு படுத்தியது. கண்ணைப் பெரிதாக்கினால் நாடகமாக இருந்தது. சிறிதாக்கினால் தூக்கக் கலக்கம். செய்ததை எல்லாம் பிசைந்து கூழாக்கினார், திட்டினார், மறுபடி செய்தார். விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. பனி விளையாட்டுக் கூடக்காரர் நாடாவும் கையுமாக வந்து கட்டடத்தை அளந்துவிட்டுப் போனார். அன்று வேலை முடிகிற நேரத்தில், இனி ஆவது ஆகட்டும் என்று படத்தை மறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் போன போக்கில் விட்டார். விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. தாடை தானாகத் தாழ்ந்தது, உதடு உள்ளே மடிந்தது, இமை பாதியில் நின்றது. கண் திறந்து பார்த்தவர் பின்னுக்கு நகர்ந்துவிட்டார். யார் சொல்லிக்கொடுத்து இந்த முகம் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

காலடி மட்டும் சரிப்படவில்லை. பதிவு செய்த சத்தம் ஒலிபெருக்கியில் யாரோ கட்டையைத் தட்டுவது மாதிரி இருந்தது. நல்ல கருவி வரும்வரை தானே செய்துவிடுவது என்று முடிவு செய்தார். கதவுக்குப் பின்னால் பலகை அடித்து, தன் பழைய தோல் பூட்ஸோடு நடந்து பார்த்தார். அதட்டலாக ஒன்றும் செய்யவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதன் எப்படி நடப்பானோ அப்படியே நடந்தார். வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கதவில் கண் அளவுக்கு ஒரு கீறல் விட்டார். பக்கத்திலேயே ஒரு மணிக்கயிறு. அதை இழுத்தால்தான் வெளியே வண்டிக்காரர் விளக்கை அணைத்து வண்டியை நகர்த்துவார்.

முதலில் வண்டிக்காரரே உட்கார்ந்து பார்த்தார். விசையை வேறொருவர் பார்த்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் நையாண்டி பேசுகிறவர், வெளியே வந்ததும் சட்டைப்பையிலிருந்த காசை எண்ணிப் பார்த்தார்.

"எப்படிய்யா இருக்கு?" என்றார் மாஸ்டர்.

"நான் இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போறேன் மாஸ்டர். பசங்களுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போகணும்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமலே போனார்.

மறுநாள் முதலாளியம்மா வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் உட்காருவதுபோல வண்டியில் உட்கார்ந்தார். மாஸ்டர் கதவுக்குப் பின்னால் நடந்தார், சாவியைக் குலுக்கினார், கைப்பிடியைத் திருப்பினார். முதலாளியம்மா வெளியே வந்து இறங்கினார். கைப்பையின் வார் அவர் விரலில் இறுக்கிச் சுற்றியிருந்தது.

"போதும் மாஸ்டர். வீடு நிக்கட்டும்" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "எனக்கு மட்டும் இதை இன்னொரு தரம் காட்டாதீங்க."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை உருண்டு விழுந்தது. இதை வீட்டுக்காரிக்கும் மகளுக்கும் காட்டாமல் யாருக்குக் காட்டுவது? கல்யாணமான நாளிலிருந்து மனைவியைப் பேய் வீட்டுக்கு அவர் அழைத்ததே இல்லை, மகளும் பார்த்ததில்லை. திறப்புக்கு முந்தின நாள் மதியம் இருவரையும் வரச்சொன்னார். மகளுக்குக் குச்சிமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். தானே வண்டியில் ஏற்றி உட்காரவைத்தார்.

"பயந்தா கண்ண மூடிக்கோ. நான் இங்கதான் வெளியில வண்டிக்காரர்கூட நின்னுட்டிருப்பேன்" என்று மகளிடம் சொன்னார். வண்டி இருட்டுக்குள் நுழைந்ததும், பின்வழியாகச் சிட்டாகப் பறந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றார்.

அறை அறையாக அவர்கள் வருவது காதில் கேட்டது. மகள் சிரித்தாள். தலையில்லாத மணப்பெண்ணைப் பார்த்து, "அம்மா, அவங்க தலைய எடுத்து மாட்டிவிடுவோமா" என்று சொல்லிச் சிரித்தாள். மனைவியும் சிரித்தார். மனைவியின் சிரிப்பு இவ்வளவு நீளமானது என்பது மாஸ்டருக்குப் புதிய சேதி. இருட்டில் நின்றுகொண்டு அவரும் சத்தமில்லாமல் சிரித்தார்.

வண்டி கடைசி அறைக்கு வந்து நின்றது. கீறல் வழியாகப் பார்த்தார். விளக்கடியில் பொம்மைப் பெண். அவளுக்கு அருகில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வண்டியில் அவர்கள் இருவரும். மகளின் வாயில் மிட்டாய். மாஸ்டர் நடக்க ஆரம்பித்தார். ஒரு அடி. இன்னொரு அடி.

மகளின் சிரிப்பு நின்றது.

"அம்மா, அப்பா வர்றாங்க" என்றாள்.

கதவுக்குப் பின்னால் நடப்பது தான்தான் என்று அவர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அவர் வெளியில் நிற்கிறார் என்றுதான் அவளுக்குத் தெரியும். நடந்த வேகத்தில் மாஸ்டரின் கை சாவியைக் குலுக்கிவிட்டது. மகள் மிட்டாயை வாயிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைத் தாளில் சுற்றிப் பைக்குள் ஒளித்தார். மகளின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார், சட்டையை இழுத்து நேராக்கினார், பிறகு தானும் நேராக உட்கார்ந்தார். எதையும் அவர் யோசித்துச் செய்யவில்லை. கைகளே செய்தன. தாடை தாழ்ந்தது. கீழுதடு உள்ளே மடிந்தது. இமை பாதியில் நின்றது.

ஒரே விளக்கின் கீழே அந்த முகம் இரண்டு தடவை இருந்தது. ஒன்று அவர் செய்தது. இன்னொன்றும் அவர் செய்ததுதான்.

"நாம என்னம்மா தப்பு பண்ணோம்?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"ஒண்ணும் பண்ணல. பேசாம இரு. அப்பா எப்படி வர்றாங்கன்னு பாத்துக்கலாம்."

மாஸ்டரின் கை கைப்பிடிமேல் இருந்தது. அதைத் திருப்ப வேண்டிய நேரம். மணிக்கயிற்றை இழுக்க வேண்டிய நேரம். வாழ்க்கையில் இதுவரை அறியாத ஒரு பயம் அவரைக் காலிலிருந்து தலைவரை பிடித்தது. கதவைத் திறந்து, நான்தான், பயப்படாதீங்க என்று சொல்லலாம் என்றால், அது அவர் என்பதுதானே அவர்களுடைய பயம். திரும்பிப் போய்விடலாம் என்றால், நடக்கிற சத்தம் கேட்கும்.

மெதுவாகக் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். ஒரு காலைக் கழற்றினார். மறு காலைக் கழற்றினார். பலகைமேல் அவற்றைப் பட்டும் படாமலும் வைத்தார். வெறுங்காலோடு, மூச்சை அடக்கிக்கொண்டு, அவர்களுக்குக் கொஞ்சமாவது நிம்மதி வரட்டும் என்று அசையாமல் நின்றார்.

காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றுவிட்டது என்று தெரிந்ததும், மகள் கண்ணை இறுக மூடி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.